கலாமணி வீட்டுக் குளிர்

கரூரில் மெயிலோடு சேர்ந்து வெளியூர்க் காற்றும் வரத் தொடங்கியபோது ஊர் அதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. சாயப்பட்டறைக்காரர்கள் சாம்பிள் துண்டு காயப்போட இன்னோர் இடம் கிடைத்தது என்றார்கள், ஆபீஸ்களில் கணக்கு எழுதும் பெண்கள் ஆளுக்கொரு சால்வை வாங்கி நாற்காலி முதுகில் போட்டு வைத்தார்கள், டீக்கடைகளில் அந்தப் பேச்சு கொஞ்ச காலம் ஓடி, நூல் விலை ஏறியதும் வழிவிட்டு ஒதுங்கியது. தமயந்தி ஒருத்திக்குத்தான் அது ஆறவில்லை. காற்று வந்தது கலாமணி எழுதிய புரோகிராம் வழியாக. தமயந்தி எழுதிய புரோகிராம் வழியாக மெயில் மட்டுமே வந்தது.

இரண்டு பேரும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் கணிதம் படித்தவர்கள், ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதப் பழகியவர்கள், தலையில் நரை ஓடிய வயதிலும் செங்குந்தபுரத்தில் ஒரு நூல் கடையின் மாடியில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து, பெட்ஷீட்டும் சமையலறைத் துண்டும் ஜன்னல் திரையும் நெய்து கப்பலேற்றுகிற அந்த ஊருக்கெல்லாம் மெயில் பார்க்கும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்து, அதற்குச் சளி பிடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஓடிப்போய்ப் பார்த்து வந்தவர்கள். ஆரம்பத்தில் அதை எழுதியது கலாமணி. அதில் இருந்த பிழைகளை உட்கார்ந்து எடுத்தது தமயந்தி. ஊர் முதல் விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.

மெயில்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில் கிடந்தன. வெளியார் எழுதும் புரோகிராம்கள் வந்து எடுத்துப்போக அந்தக் கம்பெனி ஒரு வாசல் வைத்திருந்தது. தொழிலில் இருப்பவர்கள் அதை ஏபிஐ என்பார்கள். இன்ன கட்டளை சொல்லித் தட்டினால் கதவு திறக்கும், இன்ன கட்டளை சொன்னால் மெயிலை எடுத்து நீட்டும், வேலை முடிந்ததும் இன்ன கட்டளை சொல்லி மூடிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று அதற்கொரு ஒழுங்கு உண்டு. கலாமணி திறப்பாள், மூட மாட்டாள். டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் வந்த நாளில், அதுவும் நினைத்த நேரம் கரண்ட் போகும் ஊரில், ஒரு தரம் உள்ளே நுழைவதே பெரும்பாடாக இருந்ததால், நுழைந்தவள் அப்படியே நின்றுகொண்டு அந்த ஒரே திறப்பை ஊரில் உள்ள அத்தனை ஏற்றுமதிக்காரர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாள். கரண்ட் போனாலும் அந்தத் திறப்பைப் பிடித்திருந்த கம்ப்யூட்டர் மெஷின் அணையாதிருக்க மாடிப்படிக்கு அடியில் பேட்டரிகளை அடுக்கிவைத்தாள். இப்படி யாரும் எழுத மாட்டார்கள், இது தப்பு என்று தமயந்தி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "மூடினாத் திரும்பத் தொறக்கோணுமல்லடி" என்று கலாமணி சிரித்தாள்.

பிறகு ஒரு வருஷம் அந்தக் கம்பெனி அறிவித்தது: புது வாசல் கட்டியாயிற்று, பழையதை இனி யாரும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை, பழுது வந்தால் எங்களைக் கேட்காதீர்கள், அதன் வழியே புதிதாக யாரும் நுழைய முடியாது, ஏற்கெனவே உள்ளே நிற்பவர்கள் நிற்கும்வரை நிற்கலாம். தமயந்தி அன்றைக்கே புது வாசலின் பாடங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழையதன் ஒரு வரியைக்கூடத் தொடாமல், திறந்ததை மூடி, கேட்டதை எழுதிவைத்து, தவறினால் தவறியதைச் சொல்லி, பாடத்தில் உள்ளபடி முழுப் புரோகிராமையும் புதிதாக எழுதி முடித்தாள். முடித்ததும் ஊருக்கு வழிகாட்ட முதல் ஆளாகத் தன்னுடைய மெயில்களைப் பழைய வாசலிலிருந்து வெளியே கொண்டுவந்து புது வாசலில் வைத்தாள். ஒரு தரம் வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்தேதான் வந்தாள். வெளியே வருவதுதானே சரி.

அவள் வெளியே வந்த பிறகுதான் பழைய வாசலில் காற்று அடிக்கத் தொடங்கியது.

காவல்காரன் வேலையை விட்டுப் போன தோட்டத்துக்குள் ஆடும் மாடும் புழுதியும் நுழைகிற மாதிரி, பார்த்துக்கொள்ள ஆளில்லாத அந்த வாசல் வழியாக மெயிலோடு மெயிலாக, அதை எழுதியவர் எழுதிய நேரத்தில் அவரைச் சுற்றி இருந்த காற்றும் நுழைந்தது. ஹாம்பர்க் மெயிலைத் திறந்தால் ஈரக்காற்று வந்து மேஜையில் இருக்கும் பில்களைக் கலைத்தது. சார்ஜா மெயில் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. ஆன்ட்வெர்ப்காரர் எப்போதும் சாரலில் நின்றுதான் எழுதுவார் போலிருந்ததால் அவர் மெயிலுக்கென்றே ஆபீஸ்களில் ஒரு குடை வாங்கி வைத்தார்கள். மெயிலை மூடினால் காற்று நின்றது. மழையில் எழுதும், சரக்கு வாங்குகிற பையர் விலையைக் குறைத்துக் கேட்பார், வெயிலில் எழுதுகிறவர் கேட்ட விலை கொடுப்பார் என்று ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர்கள் கண்டுபிடித்து அதற்குத் தக்கபடி பதில் எழுதக் கற்றுக்கொண்டார்கள். அக்கினி நட்சத்திரத்தில் பகல் சாப்பாடு முடிந்ததும் ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்களுக்கு நார்வே மெயில் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா? சித்தெ நேரம் வந்து உக்காந்துட்டுப் போறனுங்க" என்று கேட்பது ஊரில் சாதாரணமாகிவிட்டது. கீழே நூல் கடையில் பில் போடும் நதியாவின் வீட்டுக்காரன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவன் மெயில் வந்தால் கடைக்காரரே, "போ கண்ணு, போய்ப் படிச்சுட்டு வா" என்று அனுப்பிவிடுவார். அவள் மாடிக்கு வந்து ஓரத்து மெஷினில் அதைத் திறந்து, பின்னலை அவிழ்த்து விட்டுக்கொண்டு, கடல் காற்றில் முடி பறக்க, எழுதியிருக்கும் நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். வேலைக்குத் திரும்பும்போது அவள் கழுத்தில் உப்புப் பூத்திருக்கும்.

தமயந்தி தன் புரோகிராமைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். துண்டு ஏற்றுமதி செய்யும் காளியண்ணன் மரியாதையான மனிதர். மோர் கொடுத்து உட்காரவைத்து, அவள் காட்டியதையெல்லாம் கடைசிவரை பார்த்தார்.

"எல்லாம் நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மிணி. இதுல ஹாம்பர்க் மெயிலைத் தொறந்தா காத்து வருதுங்களா?"

"காத்து வராதுங்க. மெயில் வரும்."

"மெயில் அதுலயும் வருதுங்களே."

"அந்தப் பழைய வாசலுக்கு இப்ப ஆளே இல்லீங்க. அது என்னைக்கு விழும்னு யாருக்கும் தெரியாது. விழுந்தா உங்க ஆர்டர் அத்தனையும் நடுவழில நிக்கும்."

"நிக்கறப்பப் பாத்துக்கலாமுங்க. நம்மூட்டுல சார்ஜா மெயிலுக்கு முன்னால மாங்காய் வத்தல் போட்டிருக்கறாங்க. அது காயட்டுமுங்க மொதல்ல."

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஒருத்தரும் அவளுடைய புரோகிராமில் குற்றம் சொல்லவில்லை, ஒருத்தரும் அதற்கு மாறவில்லை. கலாமணியாவது வாதாடியிருக்கலாம். அவளோ, "நீ எழுதினதுதான்டி புரோகிராம். நான் எழுதினது வெறும் ஓட்டை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு துளி பொய்யும் இருக்காது, அது தமயந்தியை இன்னும் எரித்தது. பொறாமைப்படுகிறவளுக்கு எதிராளி கெட்டவளாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம். கலாமணி அந்தச் சௌகரியத்தைக்கூட அவளுக்குத் தரவில்லை.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது விசாகன்.

விசாகன் அவளுடைய ஒரே மகன், நியூசிலாந்தின் தென்கோடியில் டனீடின் என்கிற ஊரில் ஆட்டுரோமத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போயிருந்தான். தினமும் அம்மாவுக்கு எழுதுவான்: சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன், சீக்கிரம் தூங்குங்கள். அந்த மெயில்கள் புது வாசல் வழியாக, சலித்த மாவு மாதிரி, ஒரு தூசி இல்லாமல் வந்து சேரும். கலாமணிக்கு அவன் எப்போதாவதுதான் எழுதினான். ஆனால் கலாமணிக்கு எழுதியது பழைய வாசல் வழியாக வந்தது.

"இன்னைக்கு உன்ற பையன் ஊர்ல மழை விட்டிருக்குதுடி" என்பாள் கலாமணி, காலையில் வந்து பையை மேஜையில் வைக்கும்போதே. "நேத்து ராத்திரி பூரா பேஞ்சிருக்கும்போல. மண்ணு வாசம் வேற மாதிரி, நம்மூர் மாதிரி இல்ல."

தமயந்தி தலை தூக்க மாட்டாள். ஆனால் கலாமணி குனிந்து டிராயரை இழுக்கும்போது அவள் சேலையிலிருந்து நனைந்த கம்பளியும் கடற்பாசியும் கலந்த ஒரு வாசம் வரும், அது தன் பிள்ளை மூச்சுவிட்ட காற்று, தான் ஒரு நாளும் பார்க்காத தெருவின் காற்று, அது இந்தப் பெண்பிள்ளையின் கொசுவத்தில் மடிந்து கிடக்கிறது என்று நினைக்கும்போது, விசைப்பலகையில் விரல் எங்கே இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

"வந்து சித்தெ நேரம் உக்காரேன்டி. எங்கூட்டு மெஷின்ல தொறந்து வெக்கறேன்."

"எனக்கு வேலை இருக்குது."

"அஞ்சு நிமிசம்."

"உனக்கு எழுதுனது உனக்கு. நான் எதுக்கு?"

மகனையே போனில் கேட்டாள், கேட்கும்போதே தன் குரல் தனக்கே பிடிக்காமல்: "கலாவுக்கு எதுக்குடா மெயில் எழுதறே?"

"அத்தை கேட்டாங்கம்மா. ஒரு வரி எழுது போதும், உன்ற ஊரு எப்படின்னு நான் பாத்துக்கறேன்னாங்க."

"எனக்கு எழுதறதுல ஒண்ணும் வரமாட்டேங்குது."

"நீங்க எழுதுன புரோகிராம்தானேம்மா" என்று அவன் சிரித்தான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனாள், ரசத்துக்கு வேண்டியதைவிட வெகுநேரம் கரைத்துக்கொண்டு நின்றாள்.

வைகாசி வந்தது. மாரியம்மன் கோயிலில் நட்டுவைத்த கம்பத்தை ஆற்றில் விடுகிற நாளில் கரூரில் யாரும் வேலை செய்வதில்லை; தறி நிற்கும், பட்டறை நிற்கும், ஊரே மஞ்சள் உடுத்தித் தெருவில் இருக்கும், வெயில் தாரை உருக்கிச் செருப்பில் ஒட்டவைக்கும். கலாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பசுபதிபாளையத்தில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள், அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவிழாவுக்கு மட்டும் ஈரோட்டிலிருந்தும் காங்கயத்திலிருந்தும் ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிடும். தமயந்தியை ஒவ்வொரு வருஷமும் சாப்பிடக் கூப்பிடுவாள். தமயந்தியும் ஒவ்வொரு வருஷமும் போவாள். அந்த வருஷமும் ஒரு தூக்கில் பாயசம் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி நடந்து போனாள்.

வாசற்படியில் கால் வைத்ததும் கணுக்காலில் ஏதோ பட்டது, சில்லென்று. உள்ளே கூடத்தில் மெஷின் முன்னால் பாய் விரித்து நாலைந்து பிள்ளைகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். ஒரு கிழவர் காதை மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு வாயைத் திறந்து குறட்டை விட்டார். மெஷினின் கண்ணாடியில் உறைபனி பூத்திருந்தது, ஒரு பொடிசு அதில் விரலால் யானை வரைந்து, விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பனிக்கு நடுவே எழுத்துத் தெரிந்தது: அன்புள்ள கலா அத்தை. காலையில் எழுதியிருக்கிறான், அந்த ஊரில் குளிர்காலம் தொடங்கிய ஒரு காலையில், எங்கோ வெளியில் உட்கார்ந்து, கை விறைக்க.

ஈரோட்டுக்காரி ஒருத்தி அவளைப் பார்த்து எழுந்து வந்தாள். "வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீங்க. கலா ஏசி போட்டு உட்டிருக்கறா, உள்ள வந்து உக்காருங்க."

ஏசி.

சமையலறையில் கலாமணி வடை சுடும் சத்தம் கேட்டது. தமயந்தி பாயசத் தூக்கைப் படியில் வைத்தாள், "இதோ வந்தர்றேன்" என்றாள், திரும்பி நடந்தாள். பாலத்தின் மேல் தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு எதிராக, பால்குடத்துக்கும் பம்பைக்கும் வேப்பிலைக்கும் எதிராக, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆடும் இளவட்டங்களுக்கு எதிராக, ஊரே ஆற்றைப் பார்த்துப் போக அவள் ஒருத்தி ஊரைப் பார்த்துப் போனாள். நூல் கடை பூட்டிக் கிடந்தது. மாடிச் சாவி இரண்டு பேரிடமும் உண்டு.

மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கலாமணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் புரோகிராமின் ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும், அதன் பிழைகளை எடுத்தவள் அவள்தானே. எந்த இடத்தில் கலாமணி வருஷக்கணக்காக ஒன்றை எழுதாமல் விட்டிருந்தாளோ அந்த இடத்துக்கு நேராகப் போனாள். எழுத வேண்டியது ஒரே வரி, வாசலை மூடச் சொல்லும் வரி. பாடத்தில் உள்ள வரி, முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வரி, எந்தப் பரீட்சையில் கேட்டாலும் முழு மார்க் வாங்கும் வரி. தப்பாக ஒன்றும் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அது உண்மையாகவும் இருந்தது, அதனால்தான் இவ்வளவு காலம் அதைச் செய்யத் தைரியம் வராமல் இருந்ததோ என்னவோ. எழுதி ஓடவிட்டாள். அந்தப் பக்கம் யாரோ இவ்வளவு நாளும் இதற்காகவே விழித்திருந்த மாதிரி, பழைய வாசல் உடனே, மரியாதையாக, சரி என்றது.

வெளியே பம்பைச் சத்தம் மட்டும் இருந்தது. காற்று நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஓரத்து மெஷினில் நதியா மூடாமல் விட்டுப்போன கப்பல்காரன் மெயில் ஏதும் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. நதியா படித்ததும் மூடிவைக்கிற பெண்.

சார்ஜா நின்றது, ஹாம்பர்க் நின்றது, ஆன்ட்வெர்ப் சாரல் நின்றது. மறுநாள் காலையில் ஊருக்கு மெயிலே இல்லை, மாடிப்படியில் ஏற்றுமதிக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். கலாமணி வந்தாள், மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், பார்த்தாள். விழுந்த வாசலுக்கும் மூடிய வாசலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவள் அல்ல அவள். கடைசியில் இருந்த அந்த ஒற்றை வரியை, அதன் நேர்த்தியை, முன்னும் பின்னும் விட்டிருந்த இடைவெளியின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து மாடிப்படிக்கு வந்தாள்.

"பழசாயிப் போச்சுங்க, நின்னுருச்சு. தமயந்தி எழுதினது இருக்குது. எல்லாரும் அதுக்கு வந்துருங்க."

அந்த வாரம் முழுக்கத் தமயந்தி ஊரையே தன் வாசலுக்குள் அழைத்துக்கொண்டாள். ஒரு மெயில் தொலையவில்லை, ஒரு ஆர்டர் தவறவில்லை. "நல்ல காலம், நீங்க முன்னாடியே எழுதி வெச்சிருந்தீங்க அம்மிணி. நாங்கதான் கேக்காம இருந்துட்டமுங்க" என்று காளியண்ணன் வீட்டிலிருந்து காயாமல் போன மாங்காயை ஊறுகாயாகப் போட்டு ஒரு ஜாடி அனுப்பிவைத்தார். இவ்வளவு காலம் அவள் ஆசைப்பட்டதெல்லாம் இதுதான். அது கைக்கு வந்தபோது, பண்டம் முழுதும் இருந்து உப்பு மட்டும் விட்டுப்போன மாதிரி இருந்தது.

நதியாதான் கடைசியாக வந்தாள், கடைக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்து. ஓரத்து மெஷினில் மெயிலைத் திறந்து, பழக்கதோஷத்தில் பின்னலை அவிழ்த்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, எழுத்து மட்டும்தான் வருது."

"ஆமா கண்ணு."

"செட்டிங்ல ஏதாச்சும் மாத்தோணுங்களா?"

"இல்ல கண்ணு. இது அப்படித்தான்."

நதியா தலையை ஆட்டினாள், அவிழ்த்த முடியைத் திரும்பப் பின்னிக்கொண்டு படியிறங்கிப் போனாள். தமயந்தி எதிர்மேஜையைப் பார்த்தாள். கலாமணி இல்லை. அவள் ஆபீஸுக்கு வருவதை விட்டிருந்தாள். ஏனென்று ஊரே சொன்னது: அவள் வீட்டில் குளிர் நிற்கவில்லை.

வாசல் மூடிய நேரத்தில் எந்த மெயில் திறந்திருந்ததோ அதன் காற்றுக்கு மட்டும் போக வழியில்லாமல் போய்விட்டது; திருவிழா நாளில் திறந்திருந்தது விசாகன் எழுதிய அந்த ஒன்றுதான். கலாமணி மெஷினை அணைத்துப் பார்த்தாள், வயரைப் பிடுங்கிப் பார்த்தாள், மெஷினையே தூக்கி ஆட்டோவில் ஏற்றி வெளியே அனுப்பிப் பார்த்தாள். கூடம் அப்படியே டனீடினில் ஒரு காலையாக நின்றது. ஊர் இதையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டது. கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு மீட்டர் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டு, இல்லையென்றதும் வருத்தத்தோடு போனார். பூக்காரிகள் விற்காத மல்லிகையைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தார்கள், மறுநாள் அது மொட்டாகவே இருந்தது. பால்காரர் கேன்களை அடுக்கினார். கல்யாண வீட்டுக்காரர்கள் மாலைகளைக் கொடுத்து வைத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்து வெயில் தாங்காமல் தவித்த பெண்கள் மத்தியானம் வந்து சுவரோரம் சாய்ந்துகொண்டார்கள். கலாமணி யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரிடமும் ஒன்றும் வாங்கவும் இல்லை.

கடைத்தெருவில் எங்கே நின்றாலும் தமயந்திக்கு அதுவே காதில் விழுந்தது. கலாமணி வீட்டுக் குளிர், கலாமணி வீட்டுக் குளிர் என்றார்கள். என் மகனின் குளிர் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஊர்க்காரன் தயிர் புளிக்காமல் இருக்க, எவளோ விற்க முடியாத பூ வாடாமல் இருக்க, தன் பிள்ளை கை விறைத்து உட்கார்ந்திருந்த ஒரு காலை செலவாகிக்கொண்டிருந்தது. அந்தக் காலையை அங்கே சிறைவைத்தது அவள்தான். அவளுக்குத்தான் அங்கே போக முகமில்லை. விசாகனிடம் போனில் கேட்டாள், அன்றைக்கு எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று. அவனுக்கு ஞாபகமில்லை, அது எத்தனையோ காலையில் ஒன்று என்றான், இப்போது அந்த வீட்டைக்கூட மாற்றிவிட்டேன், ஹீட்டர் உள்ள அறை, வெளியே போவதே குறைவு என்றான்.

ஆகவே அந்தக் காலை உலகத்தில் வேறெங்கும் இல்லை, பசுபதிபாளையத்தில் மட்டும்தான் இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

வேறொன்றும் எடுத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு போனாள். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கலாமணி கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்று பால்காரரோடு கேன் இடிபட்டதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தமயந்தியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பால்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

"பாயசத் தூக்கு வேணும்னு வந்தியா?"

"இல்ல."

"பொறவு?"

தமயந்தி வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சை விட்டுவிட்டாள். "நாந்தான் மூடுனேன்" என்றாள்.

"தெரியும்."

"யாருகிட்டயும் சொல்லலையே நீ."

"சொன்னா நீ இந்தப் பக்கமே வரமாட்டியே." கலாமணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கோவம் இல்லைன்னு நெனைக்காத. நெம்ப இருக்குது. அந்தக் கப்பல்காரன் பொண்டாட்டி ஒரு நா வந்து, அக்கா இதுல கடல் வாசம் கொஞ்சம் வருதுன்னு மூலையில நின்னு அழுதுட்டுப் போனா. அவளுக்கு நீ என்ன சொல்லுவே?"

வெயில் உச்சந்தலையில் நின்றது.

"வா. அதுக்காக வாசல்லயே நிப்பியா?"

உள்ளே மல்லிகைக் கூடைகள், மாலைகள், பால் கேன்கள், சுவரோரம் கால் நீட்டித் தூங்கும் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி. அதற்கெல்லாம் நடுவே அது இருந்தது. ஈரப் புல், கம்பளி, தொலைவில் எங்கோ ஒரு கடல், விடிந்தும் விடியாத ஒரு வெளிச்சத்தின் வாசம். எத்தனையோ காலையில் ஒன்று. கலாமணி சால்வை ஒன்றை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு, மல்லிகைக் கூடையைக் காலால் நகர்த்தி உட்கார இடம் செய்தாள். தமயந்தி உட்கார்ந்தாள். தூங்குகிறவளின் மூக்கிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்து கலைவதைப் பார்த்தாள், கலாமணியின் வாயிலிருந்து வருவதைப் பார்த்தாள், எவ்வளவு உள்ளே போகிறது எவ்வளவு வெளியே வருகிறது என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் பங்குக்கு ஒரு மூச்சு இழுத்தாள், வயிறுவரை நிறைகிறாற்போல, நெஞ்சு வலிக்கும் அளவுக்கு ஆழமாக, இழுத்ததை விடாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் முகம் சிவந்தது, கண்ணோரம் நீர் கோர்த்தது.

"விடுடி" என்றாள் கலாமணி. "தீந்து போயிராது."

தமயந்தி தலையை ஆட்டி மறுத்தாள். விடவில்லை.